குடும்பவியல் ஒரு தனித் துறையா, பிற துறைகளின் ஓரத்தில் ஒரு தாளா?

கேள்வி: மனையியல் ஆசிரியை, சேலம்

சேலத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாக மனையியல் கற்பித்து வருகிறேன். வரும் கல்வியாண்டிலிருந்து எங்கள் துறையின் பெயரை மாற்றி, உணவியலையும் ஊட்டச்சத்தையும் மட்டும் முதன்மைப் பாடங்களாக வைத்துக்கொண்டு, குடும்பத்தைப் பற்றிய இரண்டு தாள்களில் ஒன்றை விருப்பப் பாடமாக்கலாம், மற்றொன்றை உளவியல் துறையிடம் ஒப்படைக்கலாம் என்று பாடத்திட்டக் குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. காரணம் கேட்டேன். ஊட்டச்சத்து படித்தவருக்கு மருத்துவமனையில் வேலை இருக்கிறது, குடும்பத்தைப் பற்றிப் படித்தவருக்கு எங்கே வேலை இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "குடும்பம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதைப் படிக்கத் தனியாக ஒரு துறை எதற்கு?" என்று ஒருவர் சொன்னதுதான் இன்று வரை மனத்தில் தைத்துக்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவியரை அழைத்துக்கொண்டு அம்மாபேட்டைப் பகுதித் தறி வீடுகளில் ஒரு சிறு கள ஆய்வு செய்தோம். ஒரு வீட்டில் முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள், திண்ணையில் இராட்டையோடு உட்கார்ந்து குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பின்கட்டில் அடுத்தடுத்து மூன்று அடுப்புகள். பாட்டிக்கு ஒன்று, மூத்த மகனுக்கு ஒன்று, இளைய மகனுக்கு ஒன்று. ரேஷன் அட்டையும் மூன்று. அண்ணனும் தம்பியும் நான்கு மாதங்களாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்தால் இரண்டு மருமகள்களும் எதிரெதிரே உட்கார்ந்துதான் அடுத்த பாவை இழை இழையாகப் புணைக்கிறார்கள். வாரக் கூலி மூத்தவர் கைக்கு வந்து, அவர் மனைவியின் கணக்கு நோட்டு வழியாக மூன்று அடுப்புக்கும் பிரிகிறது. எங்கள் படிவத்தில் "கூட்டுக் குடும்பம்", "தனிக் குடும்பம்" என்று இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று தெரியாமல் மாணவி பாட்டியிடமே கேட்டுவிட்டாள். "சோறுதான் வேற கண்ணு, பாவு ஒண்ணுதானே" என்றார் அவர்.

ஒரே சமையலறையில் சேர்ந்து உண்பவர்களை ஒரு குடித்தனமாக எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வழக்கம். அதன்படி அந்த வீட்டில் மூன்று குடித்தனங்கள். பாட்டியின் கணக்கில் ஒன்று. இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் படிப்பதுதான் எங்கள் துறையின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குழுவின் முன் எடுத்து வைக்கும் அளவுக்கு அதை உறுதியாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. குடும்பவியலுக்கென்று, சமூகவியலும் உளவியலும் பொருளியலும் கேட்காத சொந்தக் கேள்வி ஒன்று உண்டா? இதைப் படிக்கும் பெண்களுக்கு நாளை என்ன வழி? இந்தத் துறையில் நெடுங்காலம் இருந்தவர்களும் இதை ஏற்காதவர்களும் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற பேராசிரியை, ஏற்காடு

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் குழுவில் எழுந்த கேள்வி இந்தத் துறை பிறந்த நாள் முதல் அதைத் தொடர்ந்து வருகிறது. அமெரிக்காவில் 1899 முதல் 1908 வரை லேக் பிளாசிட் மாநாடுகள் நடந்தபோது, அவற்றுக்குத் தலைமை ஏற்ற எலன் ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆய்ந்தவர். ஆய்வகத்தில் கற்ற அறிவியல் வீட்டுக்குள்ளும் வர வேண்டும் என்பதே அவருடைய கவலை. அதிலிருந்து உருவான மனையியல் சங்கம் 1994-இல் தன் பெயரைக் குடும்பம் மற்றும் நுகர்வோர் அறிவியல் சங்கம் என்று மாற்றிக்கொண்டது. இது ஒரு கிளை. 1938-இல் ஒரு சட்டப் பேராசிரியரும் ஒரு சமூகவியலாளரும் ஒரு யூத மதகுருவும் சேர்ந்து, குடும்ப உறவுகளுக்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது மற்றொரு கிளை. 1980-களில் அங்கே இந்தப் படிப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று நீண்ட விவாதம் நடந்து, புதிதாக உருவாக்கிய ஒரு சொல்லைக்கூடச் சிலர் முன்வைத்து, கடைசியில் 1985-இல் அந்த அமைப்பின் பணிக்குழு "குடும்ப அறிவியல்" என்ற பெயரைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் குடும்ப வாழ்க்கைக் கல்வியாளர்களுக்குச் சான்றளிக்கும் ஏற்பாடும் தொடங்கியது. பெயரும் தொழிலும் ஒரே ஆண்டில் பேசப்பட்டதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-இல் வந்தது. பரோடாவில் 1950-இல் மனையியல் புலமாகத் தொடங்கியது இன்று குடும்பம் மற்றும் சமுதாய அறிவியல் புலம் என்ற பெயரில் இயங்குகிறது. நமக்கு அருகில், கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-இல் தோன்றியது. ஆனால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் இன்றும் பாடத்தின் பெயர் மனையியல்தான். உணவு, துணி, வளங்கள், குழந்தை வளர்ச்சி என்று பிரியும் அலகுகளுக்கு நடுவில் குடும்பமும் ஓர் அலகாக உட்கார்ந்திருக்கிறது.

என் ஆதங்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த அலகுகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்குக் காரணம், அவை எல்லாம் ஒரு வீட்டுக்குள் சந்திக்கின்றன என்பதுதான். பிறகு உணவு ஊட்டச்சத்தியலுக்குப் போனது, துணி ஆடை வடிவமைப்புக்குப் போனது, குழந்தை உளவியலுக்குப் போனது. ஒவ்வொன்றும் போன இடத்தில் செழித்தது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எல்லாம் போன பின் இங்கே எஞ்சியிருப்பதைக் கழிவாக எண்ணிவிட்டோம். யார் சமைக்கிறார், யாருக்கு முதலில் பரிமாறப்படுகிறது, மீதியை யார் உண்கிறார், நோயாளிக்குத் தனியாகக் கஞ்சி வைக்க வேண்டும் என்று யார் நினைவு வைத்திருக்கிறார் என்ற கேள்விகள் ஊட்டச்சத்து அட்டவணையில் இல்லை. ஆனால் அட்டவணை பலிப்பதும் பலிக்காததும் அவற்றைப் பொறுத்தே. இரத்தசோகை உள்ள பெண்ணிடம் கீரையும் பேரீச்சையும் சாப்பிடச் சொல்லி அனுப்புகிறோம். அவள் வீட்டில் அவள் எத்தனையாவது ஆளாகச் சாப்பிட உட்காருகிறாள் என்று நாம் கேட்பதே இல்லை.

இங்கே மலைக் கிராமங்களில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களிடம், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரியப் பணம் கொடுப்பது பழைய வழக்கம். கீழே சமவெளியில் பெண் வீட்டார் நகை போட்டுச் சீர் வைத்து அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் முக்கால் மணி நேரம் இறங்கினால் திருமணச் செலவு கைமாறும் திசையே மாறிவிடுகிறது. என்னிடம் படித்த மலைக் கிராமத்து மாணவி ஒருத்தி, பாடநூலில் "இந்தியக் குடும்பம்" என்று தொடங்கும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இதில் எங்கள் வீடு எங்கே இருக்கிறது அம்மா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லும் பாடநூல் தமிழில் எழுதப்படும் வரை, நம் துறையின் அடையாளத்தைப் பற்றி எந்தக் குழுவிடமும் உறுதியாகப் பேச முடியாது.

பெயரை வேண்டுமானால் விட்டுக் கொடுங்கள். தாள்களை விட்டுக் கொடுக்காதீர்கள்.

பதில் 2: சமூகவியல் ஆய்வாளர், ஓமலூர்

பேராசிரியை அம்மா அவர்களின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் மாறுபட்டே எழுத வேண்டியிருக்கிறது.

தறி வீட்டின் மூன்று அடுப்புகள் சமூகவியலுக்குப் புதியவை அல்ல. குஜராத்தின் மகுவா ஊரில் சமூகவியலாளர் ஐ. பி. தேசாய் செய்த ஆய்வு, வீடு பிரிந்தாலும் உடைமையாலும் கடமையாலும் குடும்பம் பிரியாமல் இருப்பதைக் காட்டியது. குடித்தனம் வேறு, குடும்பம் வேறு என்று ஏ. எம். ஷா 1973-இல் தெளிவாக எழுதினார். தெற்கின் உறவுமுறை வடக்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை இராவதி கார்வே 1953-லேயே விரித்துரைத்தார். மாமன் மகளை முறைப்பெண் என்றும் சித்தப்பா மகளைத் தங்கை என்றும் பிரிக்கும் நம் சொற்களின் ஒழுங்கை 1871-இல் அமெரிக்க மானுடவியலாளர் மார்கன் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளிலேயே பார்க்கலாம். ஆகவே "யாரும் கேட்காத கேள்வி" என்ற உரிமைக்கோரிக்கை நிலைக்காது.

என் தயக்கத்தின் வேர் இன்னும் ஆழமானது. மனையியல் என்ற பெயரில் இந்தப் படிப்பு பல தலைமுறைகளாகப் பெண்களுக்கு மட்டுமே கற்பிக்கப்பட்டது, நல்ல குடும்பத் தலைவியை உருவாக்குவது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. குடும்பம் நல்லது, அது காக்கப்பட வேண்டியது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு ஆய்வுக்குப் போகிறவரின் கண்ணுக்குச் சில செய்திகள் படவே படாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல வழி செய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பிலும் இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 850 அளவிலேயே இருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் கதி முடிவான இடம் வீடு. முடிவு செய்தவர்கள் குடும்பத்தார். இதை எதிர்கொள்ளாத குடும்பவியலுக்கு இந்த மண்ணில் என்ன தகுதி இருக்க முடியும்?

பெண்ணியல் ஆய்வுகள் 1970-களில் தனித் துறையாக எழுந்ததற்குக் காரணம், அது பிற துறைகளை உறுத்தும் கேள்வியோடு வந்தது என்பதே. வீட்டில் நடக்கும் உழைப்பை யார் கணக்கிடுகிறார் என்று அது கேட்டது. நாடு முழுவதும் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டதாகத் தெரிந்தது. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்துக்கு மகளிர் "உரிமைத் தொகை" என்று பெயரிடப்பட்டதன் பின்னால் அந்தக் கேள்வியின் நீண்ட பயணம் இருக்கிறது. குடும்பவியல் தன் பங்குக்கு அப்படி எதைக் கேட்டது என்று ஆசிரியை அவர்கள் காட்டினால், நானும் உங்கள் பக்கம் நின்று வாதாடத் தயார்.

பதில் 3: தறிக்காரர் மகன், கொண்டலாம்பட்டி

நான் கல்வித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். தணிக்கையாளர் ஒருவரிடம் கணக்கராக இருக்கிறேன். ஆனால் அம்மாபேட்டை வீட்டைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தந்தையும் பெரியப்பாவும் ஒரே ஆண்டில் கைத்தறியை நிறுத்தினார்கள். விசைத்தறிச் சேலை வந்த பிறகு எங்கள் சேலைக்குக் கட்டுபடியான கூலி கிடைக்கவில்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கடன், ஒரே வயது, ஒரே தொழிலறிவு. தறிக்குழியை மண் போட்டு மூடிய அன்று என் தாய் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, இனி யார் எங்கே வேலைக்குப் போவது, அக்காவின் படிப்பை நிறுத்தாமல் இருக்க எதைக் குறைப்பது என்று பேசினார். பெரியப்பா வீட்டில் அன்று யாரும் யாரிடமும் பேசவில்லை. தறியை இழந்ததைத் தன் மானம் போனதாகவே அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் அந்த வீடு சிதறிவிட்டது. அண்ணன் திருப்பூரில் இருக்கிறார், பெரியம்மா தன் தம்பி வீட்டில் இருக்கிறார்.

பொருளாதாரம் படித்தவர்களிடம் கேட்டால் நலிவுக்குக் காரணம் சொல்வார்கள். ஒரே நலிவு ஒரு வீட்டை உடைத்து மற்றொரு வீட்டை விட்டுவைத்தது ஏன் என்று இதுவரை எனக்கு யாரும் விளக்கியதில்லை. அதை விளக்கும் படிப்பு ஒன்று இருந்தால், அது இருக்க வேண்டும் என்பதே என் எளிய கருத்து.

பதில் 4: குடும்ப நல ஆலோசகர், சேலம்

கொண்டலாம்பட்டித் தம்பிக்கு முதலில் ஒரு செய்தி. உங்கள் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் குடும்பத்தலைவர்கள் பிரிந்து சென்று திரும்பிய வீடுகளை ஆராய்ந்த ரூபன் ஹில், 1949-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். வந்த இடர், அதைத் தாங்க அந்தக் குடும்பத்திடம் இருக்கும் வலு, அந்த இடருக்கு அவர்கள் கொடுக்கும் பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தே நெருக்கடி உண்டாகுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன என்றார். உங்கள் பெரியப்பா மானம் போனதாக எடுத்துக்கொண்டார் என்று எழுதினீர்களே, ஹில் சொன்ன மூன்றாவது கூறு அதுதான். ஓமலூர் ஐயா கேட்ட "சொந்தக் கேள்வி"க்கும் இதை நான் முதல் சான்றாக வைக்கிறேன். ஹில் சமூகவியலில் பயின்றவர்தான். ஆனால் குடும்பத்தையே அலகாகக் கொண்டு, அது தாங்குமா உடையுமா என்று கேட்கும் இந்த மரபு குடும்பவியலின் வீட்டில்தான் வளர்ந்தது.

வேலை வாய்ப்பைப் பற்றி என் நாற்காலியிலிருந்து சொல்கிறேன். குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்களுக்கு இடமளிக்கும் சட்டம் 1984-இல் வந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் பாதுகாப்பு அலுவலர்களைக் கொண்டுவந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்து, கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயமும் நடக்கிறது. இந்த இடங்களுக்கெல்லாம் சமூகப்பணியோ உளவியலோ சட்டமோ படித்தவர்கள் வருகிறார்கள். நானும் சமூகப்பணி படித்தவள்தான். வந்த பிறகு எங்களுக்குத் தெரியாமல் போவது எது தெரியுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தின் நகல், கண் அறுவை சிகிச்சைக்கான சீட்டு, பீடிக்கட்டு, மகள்களின் கைபேசி எண்கள் எழுதிய ஒரு நாட்காட்டித் தாள். பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, பராமரிக்காதபோது செல்லாததாக்க 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை விளக்கினேன். அவர் கேட்டது வேறு. "பத்திரத்தை ரத்து பண்ணிட்டா, நாளைக்கு நான் செத்தா கொள்ளி யாரும்மா வைப்பா?" என்றார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை, என் பாடத்திட்டத்தில் தாளும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை சட்டமாகிவிட்டது. ஆனால் சகோதரிகள் இன்றும் தங்கள் பங்கை விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பிறந்த வீடு வேண்டும் என்கிறார்கள். தன் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வர வேண்டும், மகனுக்குக் காது குத்தும்போது அவர் மடி வேண்டும், தனக்கு ஒரு கஷ்டம் என்றால் இறங்கிப் போக ஒரு வாசல் வேண்டும். பத்து இலட்சம் மதிப்புள்ள பங்கை ஒரு பெண் இவற்றுக்காக விட்டுக் கொடுக்கிறாள் என்றால், அது அறியாமையா, கட்டாயமா, கணக்குப் போட்டு எடுத்த முடிவா? ஒவ்வொரு வீட்டிலும் மூன்றும் வேறு வேறு அளவில் கலந்திருப்பதை நான் பார்க்கிறேன். சட்டம் உரிமையைப் பேசும், பொருளியல் விலையைப் பேசும், உளவியல் அந்தப் பெண்ணின் மனத்தைப் பேசும். அண்ணன், அண்ணி, தங்கை, தங்கை கணவர், தாய் ஆகிய ஐவரையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து, இருபது ஆண்டுக் கொடுக்கல் வாங்கலையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் என் அலுவலகத்துக்கு வேண்டும். அப்படிப்பட்டவரை உருவாக்கும் துறைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் நான் ஏற்கிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லாருக்கும் நன்றி. ஓமலூர் ஐயாவின் கண்டிப்பு எனக்கு மிகவும் பயன்பட்டது. தொட்டில் குழந்தைகளைப் பற்றி எங்கள் தாள்களில் ஒரு பத்தியும் இல்லை என்பதை நேற்று இரவு பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சேர்க்காமல் பாடம் நடத்தியது என் தவறு. குடும்பத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ முன்முடிவு செய்யாமல், அதற்குள் பொறுப்பும் பங்கும் அதிகாரமும் எப்படிக் கைமாறுகின்றன, இடர் வரும்போது எது தாங்குகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதே எங்கள் கேள்வி என்று குழுவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். இரண்டு தாள்களையும் ஒன்றாக்கிக் கட்டாயப் பாடமாக வைக்கவும், சமூகவியல், சட்டம் இரண்டிலிருந்தும் ஆசிரியர்களை அழைத்துக்கொள்ளவும், ஆறு வாரங்கள் தீர்ப்பாயத்திலோ பாதுகாப்பு அலகிலோ களப்பயிற்சி வைக்கவும் கேட்பேன். ஆண் மாணவரும் சேரக்கூடிய கல்லூரிகளில் இதே தாளை நடத்த வழி உண்டா என்பதையும் பல்கலைக்கழகப் பாடக்குழுவில் எழுப்ப நினைக்கிறேன். துறையின் பெயர் மாறினால் மாறட்டும்.

கள ஆய்வுப் படிவத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம் என்ற கட்டங்களை எடுத்துவிட்டேன். எத்தனை அடுப்பு, அடகு வைக்க நகை யாருடையது, பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் போவீர்கள், நள்ளிரவில் உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், கொள்ளி வைக்கும் உரிமை யாருக்கு, பிறந்த வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று இதுவரை பதினொரு கேள்விகள் ஆகியிருக்கின்றன. அடுத்த மாதம் அதே தெருவுக்கு மாணவியரோடு போகிறோம். ஏற்காட்டு அம்மா ஒரு நாள் கீழே இறங்கி வந்து எங்களோடு இருந்தால் பெரிதும் மகிழ்வேன்.

பதில் 5: ஓய்வுபெற்ற பேராசிரியை, ஏற்காடு

வருகிறேன் அம்மா. முதல் பேருந்தில் இறங்கினால் ஒன்பது மணிக்குள் அம்மாபேட்டை வந்துவிடலாம். படிவத்தில் பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திண்ணையில் தார் சுற்றும் பாட்டியின் கூலி எவ்வளவு, அது யார் கையில் சேர்கிறது?